புவேர்ட்டோ ரிக்கோவுக்குப் போனால் வரி இல்லையாமே?

கேள்வி: சார், வணக்கம். நியூ ஜெர்சியில் 14 வருடமாக இருக்கிறேன். சாஃப்ட்வேர் வேலை. போன வருடம்தான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. கம்பெனி கொடுத்த பங்குகளும் நானாக வாங்கிய பங்குகளும் நல்ல விலைக்கு ஏறி நிற்கின்றன. என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் புவேர்ட்டோ ரிக்கோவில் டொராடோ என்ற ஊருக்குக் குடிபோய்விட்டார். "இங்கே வந்து விற்றால் ஆதாயத்துக்கு ஒரு பைசா வரி கிடையாது, நீயும் வா" என்கிறார். மனைவிக்கு இதில் இஷ்டமில்லை. "அந்த ஊர் ஜனங்களே பிழைப்புத் தேடி இங்கே வந்துகொண்டிருக்கிறார்கள், நாம் அங்கே போய் வரி கட்டாமல் உட்காருவதா?" என்கிறாள். மகள் பள்ளியில் எதையோ படித்துவிட்டு, அது காலனி என்கிறாள். வரியையே தள்ளுபடி செய்கிற அளவுக்கு அதிகாரம் உள்ள ஊர் எப்படிக் காலனி ஆகும்? அவ்வளவு அதிகாரம் இருந்தும் ஏன் சொந்தக் காலில் நிற்க முடியவில்லை? அது நம் புதுச்சேரி மாதிரியா?

பதில்: உங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று கேள்வி. நான் வரிக் கணக்குப் போடுகிற ஆள், அதனால் பணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மகளுக்கான பதில்தான் நீளம்.

நண்பர் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்லியிருக்கிறார். அவர் பேசுவது புவேர்ட்டோ ரிக்கோவின் 60-ஆம் எண் சட்டத்தைப் பற்றி. 2012-இல் 20, 22 என்று இரண்டு தனிச் சட்டங்களாக இருந்ததை 2019-இல் ஒன்றாகக் கட்டிய சட்டம் அது. அதில் உள்ள முழு விலக்கு, தீவில் குடியேறிய பிறகு ஏறுகிற மதிப்புக்கு மட்டும்தான். 1 லட்சம் டாலருக்கு வாங்கிய பங்கு இன்று 5 லட்சத்தில் நிற்கிறது, நீங்கள் அங்கே போன பிறகு 6 லட்சம் ஆகிறது, விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக ஏறிய 1 லட்சத்துக்குத்தான் சலுகை. முதலில் ஏறிய 4 லட்சம் நீங்கள் நியூ ஜெர்சியில் இருந்தபோது வந்தது. குடியேறிய 10 ஆண்டுக்குள் விற்றால் அமெரிக்க வருமான வரித் துறை அதை விடாது. கம்பெனி கொடுத்த பங்குகளில் நீங்கள் இங்கே உட்கார்ந்து வேலை பார்த்ததற்காக வந்த பகுதி, வரிக் கணக்கில் சம்பளம்தான். எந்தத் தீவுக்குப் போனாலும் அது இங்கத்திய வருமானம்.

அங்கே போய் இதே கம்பெனிக்கு வேலை பார்த்தால்? அந்தச் சம்பளத்துக்கு வாஷிங்டன் வருமான வரி கேட்காது, சரி. ஆனால் தீவின் தலைநகரான சான் ஹுவான் கேட்கும். தீவின் சொந்த வருமான வரி மேல்படியில் 33 சதவீதம். ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் பிடித்தம் வழக்கம்போல நடக்கும். 4 சதவீதம் என்று காதில் விழுவது, தீவில் நிறுவனம் தொடங்கி வெளியூர் வாடிக்கையாளர்களுக்குச் சேவை விற்பவர்களின் லாபத்துக்கு.

குடியேறுவது என்றால் நிஜமாகவே குடியேற வேண்டும். வருடத்தில் குறைந்தது 183 நாள் அங்கே தங்குவது ஒரு வழி. அதோடு வேலைக்கான இருப்பிடமும் அங்கே இருக்க வேண்டும். குடும்பம், வீடு, மருத்துவர், வண்டி, கோயில் என்று உங்கள் ஒட்டுறவு எந்தப் பக்கம் அதிகம் என்றும் பார்ப்பார்கள். இரண்டு வருடத்துக்குள் அங்கே வீடு வாங்க வேண்டும். வருடா வருடம் 10,000 டாலர் நன்கொடை, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய 5,000 டாலர் கட்டணம். இந்தச் சலுகையில் போனவர்களைக் குறிவைத்து 2021 முதல் வருமான வரித் துறை தனியாகவே ஆய்வு நடத்துகிறது. மனைவி, மகள் நியூ ஜெர்சியின் எடிசனில், நீங்கள் மட்டும் பெட்டியோடு டொராடோவில் என்றால், முதல் விசாரணையிலேயே கதை கந்தலாகிவிடும். உங்கள் மனைவி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால், வரிக் கண்ணோட்டத்தில் பேச்சு அங்கேயே முடிந்தது.

இனி மகளின் கேள்வி.

நான் கடலூர்க்காரன். பெட்ரோல் போட எல்லை தாண்டிப் புதுச்சேரி பங்குக்குப் போன ஆள்தான் நானும். சொகுசு காரைப் புதுச்சேரி முகவரியில் பதிவு செய்துவிட்டுச் சென்னையில் ஓட்டியவர்கள் கதையும் எல்லோருக்கும் தெரியும். அதனால் உங்கள் ஒப்புமை எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. ஆனால் புதுச்சேரிக்கு மக்களவையில் ஒன்று, மாநிலங்களவையில் ஒன்று என்று ஓட்டுப் போடக்கூடிய இரண்டு எம்.பி.க்கள் இருக்கிறார்கள். 32 லட்சம் பேர் வாழும் புவேர்ட்டோ ரிக்கோவுக்கு அமெரிக்க நாடாளுமன்றத்தில் இருப்பது ஒரே ஒரு பிரதிநிதி. அவர் பேசலாம், சபையில் சட்டம் ஓட்டுக்கு வரும்போது அவர் ஓட்டு கணக்கில் வராது. அங்கே வசிக்கும் அமெரிக்கக் குடிமகன் அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. அதே ஆள் ஃபுளோரிடாவுக்கு வீடு மாற்றினால் போடலாம். நீங்கள் போன வருடம் வாங்கிய ஓட்டுரிமையும் விமானம் ஏறினால் அப்படித்தான் ஆகும்.

இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு ஆரஞ்சுப் பழக் கதை உண்டு. 1898-இல் ஸ்பெயினுடன் நடந்த போரில் அமெரிக்கா தீவைப் பிடித்தது. 1900-இல், சான் ஹுவானிலிருந்து நியூயார்க்குக்கு ஆரஞ்சு வரவழைத்த ஒரு வியாபாரியிடம் 659 டாலர் 35 சென்ட் சுங்க வரி வாங்கினார்கள். அவர் வழக்குப் போட்டார். "தீவு இப்போது அமெரிக்கா, நியூயார்க் அமெரிக்கா. நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு என்ன சுங்கம்?" நியாயமான கேள்வி. 1901-இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வியாபாரிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. தீவு அமெரிக்காவுக்குச் சொந்தமானது, ஆனால் அமெரிக்காவின் பகுதி ஆகாது. ஒரு நீதிபதி எழுதிய சொற்றொடர் இன்றும் சட்டக் கல்லூரிகளில் ஓடுகிறது: உள்நாட்டு அர்த்தத்தில் அது வெளிநாடு. சட்டத்தில் இதைவிடச் சாமர்த்தியமான வழுக்கலை நான் படித்ததில்லை. அந்தத் தீர்ப்பு இன்றுவரை ரத்தாகவில்லை.

உங்கள் வரிச் சலுகை இந்தத் தீர்ப்பின் வழித்தோன்றல்தான். தீவுவாசிகள் தீவில் சம்பாதிக்கும் பணத்துக்கு வாஷிங்டன் வருமான வரி போடுவதில்லை. அப்படி விட்ட இடம் காலியாகக் கிடக்கிறது. அந்த இடத்தில் தன் வரியைப் போடவோ போடாமல் விடவோ சான் ஹுவானுக்கு உரிமை உண்டு. போடாமல் விட்டால் அதுதான் 60-ஆம் எண் சட்டம். நீங்கள் "அதிகாரம்" என்று பார்த்தது இந்த ஒரு கதவை. சுங்கம், நாணயம், கப்பல், வெளிநாட்டு வணிக ஒப்பந்தம், திவால் சட்டம் எல்லாம் வாஷிங்டன் கையில். வீட்டில் ஒரே ஒரு சாமானை விற்கத்தான் அனுமதி என்றால், கஷ்டம் வரும்போதெல்லாம் அதையேதானே விற்பார்கள்? தீவு எழுபது வருடத்துக்கு மேலாக வரி விலக்கை விற்றுக்கொண்டிருக்கிறது.

நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா வந்ததும் தீவின் பேசோவை டாலராக மாற்றினார்கள், ஒரு பேசோவுக்கு 60 சென்ட் என்ற கணக்கில். 1898 வரை தீவின் முதல் ஏற்றுமதி காப்பி, மலைப்பக்கத்துச் சிறு தோட்டக்காரர்கள் போட்டது. அதற்கு ஐரோப்பாவில் சந்தை இருந்தது. ஆட்சி மாறியதும் அந்தச் சந்தை போயிற்று, கையிலிருந்த பணத்தின் மதிப்பும் இறங்கிற்று, 1899 ஆகஸ்டில் அடித்த சான் சிரியாகோ புயல் காப்பிச் செடிகளைச் சாய்த்துப் போட்டது. அதன் பிறகு சமவெளியில் அமெரிக்கக் கம்பெனிகளின் கரும்பு பரவியது. ஒரு கம்பெனி 500 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்று 1900-இலேயே சட்டம் போட்டிருந்தார்கள். நாற்பது வருடம் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. இன்று தீவில் சாப்பிடுகிற உணவில் சுமார் 85 சதவீதம் வெளியிலிருந்து வருகிறது.

வருவது கப்பலில். இங்கேதான் 1920-இன் ஜோன்ஸ் சட்டம். இரண்டு அமெரிக்கத் துறைமுகங்களுக்கு நடுவே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவில் கட்டியதாக, அமெரிக்கருக்குச் சொந்தமானதாக, அமெரிக்கக் கொடியோடு, பெரும்பாலும் அமெரிக்க மாலுமிகளோடு இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கப்பல் தீவுக்கு வரவே கூடாது என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. ஸ்பெயினிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ நேராக வரலாம். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் துறைமுகத்தில் ஏற்றி சான் ஹுவானில் இறக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் தீவின் சரக்கில் பெரும்பங்கு அந்த வழியாகத்தான் வருகிறது. அமெரிக்காவில் கப்பல் கட்டுவது மற்ற நாடுகளைவிடப் பல மடங்கு செலவு. அதனால் இருப்பதையே ஓட்டு ஓட்டு என்று ஓட்டுவார்கள். 2015 அக்டோபர் 1 அன்று ஜாக்சன்வில்லிலிருந்து சான் ஹுவானுக்குப் போன எல் ஃபாரோ என்ற கப்பல் ஹோவாக்கின் சூறாவளியில் மூழ்கியது. 33 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கப்பல் கட்டப்பட்டது 1975-இல். விபத்துக்குக் கேப்டன் எடுத்த முடிவு உட்படப் பல காரணங்கள் சொன்னார்கள். ஆனாலும் தீவுக்கு உணவும் காரும் கொண்டுபோகிற கப்பலுக்கு நாற்பது வயது என்பதை யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு வேடிக்கை. உலகத்துக்கே திரவ எரிவாயு விற்கும் நாடு அமெரிக்கா. அதைத் தன் சொந்தத் தீவுக்கு அனுப்பத் தகுதியான கப்பல் பல ஆண்டுகளாக ஒன்றுகூட இல்லை. டிரினிடாட் போன்ற வெளிநாடுகளிலிருந்து வாங்கினார்கள். பிரான்சில் கட்டிய பழைய கப்பல் ஒன்று விதிவிலக்கின் பேரில் ஓடத் தொடங்கியது 2025-இல்தான். பக்கத்துத் தீவுக்கூட்டமான அமெரிக்க வர்ஜின் தீவுகளுக்கோ ஜோன்ஸ் சட்டம் கிடையாது. மரியா சூறாவளி அடித்த 2017 செப்டம்பரில் புவேர்ட்டோ ரிக்கோவுக்கும் சட்டத்தைத் தளர்த்தினார்கள். எத்தனை நாளைக்குத் தெரியுமா? பத்து நாள்.

உள்நாட்டுக் கடல்வழியைச் சொந்தக் கொடிக்கு ஒதுக்குவது பல நாடுகளில் உள்ள பழக்கம்தான், இந்தியாவிலும் அப்படி விதிகள் உண்டு. புவேர்ட்டோ ரிக்கோவில் நெருடுவது, அந்த விதியை வேண்டாம் என்று ஓட்டுப் போடத் தீவுமக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூடச் சபையில் இல்லை என்பது.

சரி, விற்ற சாமானுக்கு வருவோம். 1948-இல் தீவுமக்கள் முதன்முறையாகத் தாங்களே ஆளுநரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் லூயிஸ் முன்யோஸ் மரீன். வரி விலக்கு தருகிறோம், ஆலை வையுங்கள் என்று அமெரிக்கக் கம்பெனிகளைக் கூப்பிட்டார். கரும்பு வெட்டியவர்களின் பிள்ளைகள் ஆலைக்குப் போனார்கள், வாழ்க்கைத் தரம் நிஜமாகவே உயர்ந்தது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1976-இல் வாஷிங்டனும் தன் பங்குக்கு வரிச் சட்டத்தில் 936-ஆம் பிரிவைக் கொண்டுவந்தது: தீவில் ஈட்டிய லாபத்துக்கு அமெரிக்கக் கம்பெனிகள் ஏறத்தாழ வரியே கட்ட வேண்டாம். மருந்துக் கம்பெனிகள் குவிந்தன. பல கம்பெனிகள் மாத்திரையோடு காப்புரிமை லாபத்தையும் தீவுக்குக் "குடியேற்றின", இப்போது உங்கள் நண்பர் பங்குகளைக் குடியேற்றியிருப்பது போல.

அந்தச் சலுகையால் அமெரிக்க கஜானாவுக்கு நஷ்டம் என்று 1996-இல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அதை நிறுத்தியது. பத்து வருட அவகாசம், முழுதாக முடிந்தது 2006-இல். தீவின் பொருளாதாரம் சரியத் தொடங்கியதும் 2006-இல்தான். எல்லாப் பழியையும் இதன் தலையில் போடமாட்டேன். உள்ளூர் அரசுகளின் ஊதாரித்தனமும் சேர்ந்துதான் குழி பறித்தது. ஆனால் ஒரு ஊரின் தொழிலெல்லாம் எந்தச் சட்டப் பிரிவின் மேல் நின்றதோ, அதை எழுதவும் அழிக்கவும் அந்த ஊருக்கு உரிமை இல்லை. என்னைக் கேட்டால், உங்கள் மகள் சொன்ன வார்த்தைக்குப் பொருளாதார அர்த்தம் அதுதான்.

வருமானம் குறைந்தது, கடன் வாங்கினார்கள். கடன் கிடைப்பதும் எளிதாக இருந்தது. 1917-இல் தீவுமக்களுக்குக் குடியுரிமை கொடுத்த அதே சட்டம், தீவின் கடன் பத்திர வட்டிக்கு மத்திய, மாநில, ஊராட்சி வரி மூன்றும் கிடையாது என்று சொல்லியிருந்தது. 2012, 2013 வாக்கில் என் வாடிக்கையாளர்கள், நம் ஊர் டாக்டர்கள் உட்பட, கொண்டுவந்த முதலீட்டுப் பட்டியல்களில் இந்தப் பத்திரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வரி இல்லாத வட்டி, அரசாங்கப் பத்திரம், வேறென்ன வேண்டும் என்பார்கள். 2014 மார்ச்சில் தீவு அரசு 8 சதவீத வட்டிக்கு 350 கோடி டாலர் வாங்கியபோதுதான் சிலருக்கு உறைத்தது. அரசாங்கம் கந்துவட்டிக்காரனிடம் போகிற வாடை அதில் அடித்தது.

2013-இல் ஒரு வேலையாக நான் சான் ஹுவான் போயிருந்தேன். சான்டுர்சே பகுதியில் ஒரு மருந்துக்கடையில் குடையும் ஷாம்புவும் வாங்கினேன். ரசீதின் அடியில் ஏதோ எண் இருந்தது. என்னவென்று கேட்டதற்கு, லாட்டரி எண் என்றார் கடைப்பெண். ஜனங்கள் ரசீது கேட்டு வாங்கட்டும், கடைக்காரர் விற்பனை வரியை மறைக்காமல் இருக்கட்டும் என்று அரசே ரசீதில் குலுக்கல் வைத்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "இதில் யாருக்கு விழுகிறதோ தெரியாது, பாதிப் பணம் கடன்காரனுக்கு" என்றார். கணக்கு முன்பின்னாக இருந்தாலும் விஷயம் சரி. 2006-இல் புதிதாக 7 சதவீத விற்பனை வரியைக் கொண்டுவந்தார்கள், வந்த சூட்டோடு அதில் ஒரு பகுதியைப் பத்திரக்காரர்களிடம் அடகு வைத்தார்கள். தாலி ஏறுமுன் அடகுக்கடை. 2015-இல் வரி 11.5 சதவீதமாகியது. அமெரிக்கக் கொடியின் கீழ் அவ்வளவு உயர்ந்த விற்பனை வரியைக் காண்பது அரிது. குடை வாங்குகிற பெண்ணுக்கு 11.5, பங்கு விற்கிற குடியேறிக்கு பூஜ்யம் என்பதை ஒரே ஊரில் பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள்.

அதே 2015-இல் ஆளுநர் கார்சியா பதீயா, இந்தக் கடனை அடைக்க முடியாது என்று வெளிப்படையாகவே அறிவித்தார். பத்திரக் கடன் மட்டும் சுமார் 7,200 கோடி டாலர், ஓய்வூதியப் பாக்கி தனி. டெட்ராய்ட் நகரம் திவால் நீதிமன்றத்துக்குப் போனதே, அதுபோலப் போக வேண்டியதுதானே என்பீர்கள். போக முடியாது. 1984-இல் காங்கிரஸ், காரணம்கூடச் சொல்லாமல், திவால் சட்டத்தின் அந்தப் பகுதியிலிருந்து புவேர்ட்டோ ரிக்கோவை விலக்கி வைத்திருந்தது. அப்படியானால் நாங்களே ஒரு சட்டம் எழுதிக்கொள்கிறோம் என்று 2014-இல் எழுதினார்கள். 2016 ஜூனில் உச்ச நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது: விலக்கப்பட்ட ஊராக இருந்தாலும், சொந்தச் சட்டம் எழுதத் தடை மட்டும் உண்டு. புவேர்ட்டோ ரிக்கோ பெற்றோருக்குப் பிறந்த நீதிபதி சோனியா சோட்டோமயோர் எதிர்த்து எழுதினார். அந்த மாத இறுதியிலேயே காங்கிரஸ் ஏழு பேர் கொண்ட நிதி மேற்பார்வை வாரியத்தை அமைத்தது. தீவு மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநர் அதில் உட்காரலாம், ஓட்டு கிடையாது. செலவு தீவினுடையது, வக்கீல், ஆலோசகர் கட்டணமே 100 கோடி டாலரைத் தாண்டியது. ஜனங்கள் அதை "லா ஹுன்டா" என்கிறார்கள், ஸ்பானிஷில் வாரியம் என்று அர்த்தம். கடன் மறுசீரமைப்பு 2022 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. கடன் பாரம் குறைந்தது, கணக்கு ஒழுங்காயிற்று என்பது வாரியத்தின் பக்க நியாயம். கணக்குப்பிள்ளையாக அதை நான் ஒப்புக்கொள்கிறேன். வாரியம் வெட்டிய செலவுகளில் தீவின் பல்கலைக்கழகத்துக்கான பணமும் இருந்தது என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

சின்னத் தீவு, இவ்வளவுதான் முடியும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வட அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவுகள் இருக்கின்றன, டென்மார்க்கைச் சேர்ந்தவை. ஜனத்தொகை சுமார் 55,000, நம் ஊரில் ஒரு நகராட்சி அளவு. தனி நாடு ஆகவில்லை, டென்மார்க் அரசர்தான் அரசர். ஆனால் வரியும் மீனும் அவர்கள் கையில். 1973-இல் டென்மார்க் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தபோது, எங்கள் மீன்பிடிக் கடலை விட்டுத்தரமாட்டோம் என்று இவர்கள் சேராமலே இருந்துகொண்டார்கள். அடுத்த நாடுகளோடு மீன்பிடி ஒப்பந்தம் தாங்களே பேசுகிறார்கள். ஐஸ்லாந்தோடு தனி வணிக ஒப்பந்தமே போட்டார்கள். ஏற்றுமதி கிட்டத்தட்ட முழுக்க மீன் என்பதால் மீன் படுத்தால் அவர்களும் படுப்பார்கள், 1990-களின் தொடக்கத்தில் அப்படிப் படுத்ததும் உண்டு. இருந்தாலும் தங்களுக்கு எது முக்கியமோ அதன் சாவியைத் தங்கள் இடுப்பிலேயே செருகிக்கொண்டார்கள். தனி நாடா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

புவேர்ட்டோ ரிக்கோவில் விவாதம் நேர்மாறாக, மாநிலமா தனி நாடா என்ற கேள்வியிலேயே சிக்கி நிற்கிறது. 1967 முதல் 2024 வரை ஏழு முறை பொதுவாக்கெடுப்பு நடத்திவிட்டார்கள். கடைசியாக நடந்ததில் செல்லுபடியான ஓட்டில் பாதிக்கு மேல் மாநில அந்தஸ்துக்கு விழுந்தது. எதுவும் காங்கிரஸைக் கட்டுப்படுத்தாது. மாநிலமானால் இரண்டு செனட்டர்களும் முழு நலத்திட்டங்களும் வரும். கூடவே மத்திய வருமான வரி வரும், 60-ஆம் எண் சட்டத்தின் கவர்ச்சி போகும், ஜோன்ஸ் சட்டம் ஹவாய்க்கு இருப்பதுபோல அப்படியே இருக்கும். தனி நாடானால் கப்பலும் சுங்கமும் கைக்கு வரும், வாஷிங்டன் பணமும் குடியுரிமையும் பேரத்துக்குப் போகும். பலாவ், மார்ஷல் தீவுகள்போலச் சுதந்திரம் வாங்கிக்கொண்டு ஒப்பந்த உறவு வைத்துக்கொள்வது மூன்றாவது வழி. எது சரி என்று நியூ ஜெர்சியில் உட்கார்ந்து நான் சொல்வது அழகில்லை. அந்த மூன்றில் எதற்கும் காத்திருக்காமல் ஜோன்ஸ் சட்ட விலக்கையும் மாநிலங்களுக்குச் சமமான மெடிகெய்ட் (ஏழைகளுக்கான மருத்துவ உதவி) பணத்தையும் நாளைக்கே கொடுக்கலாம் என்று மட்டும் சொல்வேன்.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. ஒரு வழக்கைச் சொல்கிறேன். நியூயார்க்கில் பல வருடம் இருந்த ஒருவருக்கு உடல்நிலை கெட்டு, வேலை செய்ய முடியாதவர்களுக்கான மத்திய அரசின் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது. 2013-இல் அவர் குடும்பத்தோடு இருக்கலாம் என்று புவேர்ட்டோ ரிக்கோ திரும்பினார். பணம் வங்கிக்கு வந்துகொண்டே இருந்தது. பிறகு அரசு விழித்துக்கொண்டு, தீவுவாசிகளுக்கு அந்த உதவி கிடையாது, 28,000 டாலரைத் திருப்பிக் கொடு என்று வழக்குப் போட்டது. 2022-இல் உச்ச நீதிமன்றம், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், தீவுக்காரருக்கு அந்த உதவியை மறுக்கக் காங்கிரஸுக்கு உரிமை உண்டு என்றது. சொன்ன காரணம்: தீவுவாசிகள் பெரும்பாலான மத்திய வரிகளைக் கட்டுவதில்லை. நீங்கள் எந்த விலக்குக்காக அங்கே போக நினைக்கிறீர்களோ, அதைக் காட்டித்தான் அந்த நோயாளிக்கு உதவியை மறுத்தார்கள். அவருக்கு அந்த விலக்கால் ஒரு டாலர் லாபம் இருந்திருக்காது. வருமானமே இல்லாதவருக்கு வருமான வரி விலக்கு எதற்கு?

இன்னும் ஒன்று. அந்த முதலீட்டாளர் சலுகை, சட்டம் வந்ததற்கு முந்தைய பத்து ஆண்டுகளில் தீவில் குடியிருந்தவருக்குக் கிடையாது என்று எழுதியிருக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்து, ஊரை விட்டுப் போகாத கடைக்காரருக்கு அது இல்லை. டொராடோ, ரின்கோன் பக்கம் வீட்டு விலை ஏறி உள்ளூர்க்காரர்கள் முணுமுணுப்பது ஏன் என்று இப்போது புரியும். வேலை கொடுக்கிற தொழில் ஏதாவது அங்கே தொடங்கும் எண்ணம் இருக்கிறதா, ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு மகளை அங்கத்திய பள்ளியில் போடத் தயாரா என்றால், போங்கள், நானே தாள்களைத் தயார் செய்து தருகிறேன். பங்குகளை மட்டும் பூஜ்ய வரியில் விற்க என்றால், உங்கள் ஆதாயத்தில் பெரும்பகுதி பழையது என்பதால் கிடைப்பதும் குறைவு, வீட்டில் நடக்கப்போகும் சண்டைக்கு ஈடாகாது.

எதற்கும் ஒவ்வொரு பங்கும் வாங்கிய தேதி, வாங்கிய விலை, கம்பெனிப் பங்குகள் கைக்கு வந்த தேதி மூன்றையும் எழுதி அனுப்புங்கள். இங்கேயே இருந்து இரண்டு மூன்று வருடமாகப் பிரித்து விற்றால் எவ்வளவு வரி என்று போட்டுக் காட்டுகிறேன். நன்கொடை, கட்டணம், இரண்டாவது வீட்டுச் செலவு எல்லாம் கழித்தபின் வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடச் சின்னதாக இருக்கலாம். மகளிடம் ஆரஞ்சு வழக்கைச் சொல்லுங்கள், பள்ளிக்கு உதவும்.